ஒப்பந்தம் முடிந்தது, போய் வாருங்கள்

1870களில் ஜப்பான் அரசின் சம்பளப் பட்டியலில் ஒரு விசித்திரம் உண்டு. அரசாங்கத்தின் உச்சியில், ஏறக்குறையப் பிரதமர் மாதிரியான பதவியில் இருந்த சான்ஜோ சனெதோமிக்கு மாதம் 800 யென். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த இவாகுரா தொமோமிக்கு 600. ஒசாக்காவில் நாணயம் அச்சடிக்க வந்த தாமஸ் வில்லியம் கிண்டர் என்ற ஆங்கிலேயருக்கு 1,045.

நாட்டை ஆள்பவரைவிட நாணயச் சாலை மேலாளருக்கு அதிகச் சம்பளம். கிண்டர் அதற்கு முன்பு ஹாங்காங் நாணயச் சாலையை நடத்தியவர். அது இரண்டே வருடத்தில் நஷ்டத்தில் மூடப்பட்டது. அதன் இயந்திரங்களை ஜப்பான் விலைக்கு வாங்கியது. வாங்கிய கையோடு அதை ஓட்டத் தெரிந்த ஆளையும் வேலைக்கு அமர்த்திக்கொண்டது. 1871 ஏப்ரலில் ஒசாக்காவில் நாணயச் சாலை திறந்தது. 1875இல் கிண்டர் ஊருக்குக் கிளம்பினார். அவர் மட்டுமில்லை, கூட இருந்த வெளிநாட்டவர் பலரும்தான்.

எனக்கு இந்தக் கதையில் ஆர்வம் வந்ததே அந்தக் கிளம்புதலால்தான். மெய்ஜி ஜப்பான், அதாவது 1868இல் ஆட்சி மாறி மெய்ஜி பேரரசர் பெயரில் நடந்த ஜப்பான், வெளிநாட்டு நிபுணர்களைக் கூட்டி வந்து நவீனமானது என்று எல்லோரும் சொல்வார்கள். ரயில், தந்தி, கலங்கரை விளக்கம், பட்டாலை, சட்டம், மருத்துவம், ராணுவம் என்று எல்லாத் துறைக்கும் ஆள் வந்தார்கள். அரசுப் பணியில் மட்டும் 1870களின் நடுவில் ஒரே சமயத்தில் ஐந்நூறு பேருக்கு மேல். பிரிட்டிஷ்காரர்கள்தான் அதிகம். பிறகு பிரெஞ்சு, அமெரிக்க, ஜெர்மன், டச்சுக்காரர்கள். ஆனால் நிபுணர்களைக் கூட்டி வருவது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. பணம் இருந்தால் யாரும் வருவார்கள். அதே காலத்தில் எகிப்தும்தான் ஐரோப்பியர்களைக் கூட்டி வந்தது. 1876இல் கடன்காரர்கள் சார்பாக வந்த ஐரோப்பியர்கள் எகிப்தின் கஜானா மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள். கூட்டி வந்தவர்களை நேரத்துக்குத் திருப்பி அனுப்ப முடிந்ததா என்பதுதான் கேள்வி. ஜப்பானால் முடிந்தது. எப்படி முடிந்தது என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பார்க்க ஆசை.

ஆரம்பம் அவ்வளவு அழகாக இல்லை. ரயில் போடப் பணம் வேண்டும் என்று 1870இல் ஜப்பான் லண்டனில் 10 லட்சம் பவுண்டு கடன் தேடியது. ஏற்பாடு செய்ய வந்தவர் ஹொரேஷியோ நெல்சன் லே. சீனாவின் சுங்கத்துறையில் முன்பு பெரிய பதவியில் இருந்தவர். ஜப்பானிடம் 12 சதவீத வட்டி என்று பேசிவிட்டு, லண்டன் சந்தையில் 9 சதவீதத்துக்குப் பத்திரம் விற்றார். நடுவில் இருந்த 3 சதவீதம் அவருக்கு. விஷயம் தெரிந்ததும் ஜப்பான் அவரைக் கழற்றிவிட்டு வேறொரு வங்கி மூலம் கடனை முடித்தது. நிபுணர் என்று வருபவர் எல்லாம் நல்லவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்ற பாடம் முதல் வருடங்களிலேயே கிடைத்துவிட்டது. நல்லதாகப் போயிற்று.

ஜப்பான் இதையெல்லாம் கண்டுபிடித்துச் சமாளித்ததற்குப் பின்னால் ஐந்து இளைஞர்களின் கதை இருக்கிறது. 1863இல், நாட்டை விட்டு வெளியேறினால் மரண தண்டனை என்ற சட்டம் இருந்தபோதே, சோஷூ பிரதேசத்திலிருந்து ஐந்து சாமுராய் பையன்கள் ஒளிந்து கப்பலேறி லண்டனுக்குப் போனார்கள். ஆட்சி மாறியதும் அவர்களுக்குப் பெரிய பதவிகள் வந்தன. இத்தோ ஹிரோபூமி நாட்டின் முதல் பிரதமர் ஆனார். இனோவே கஓரு வெளியுறவு அமைச்சர். இனோவே மசாரு ரயில்வேக்குத் தலைவர். யாமாவோ யோசோ பொதுப்பணி அமைச்சகத்தில் முக்கியப் புள்ளி. எண்டோ கின்சுகே பின்னாளில் ஒசாக்கா நாணயச் சாலையின் தலைவர். (அந்தச் சாலை வளாகத்துச் செர்ரி மரங்களை, பூக்கும் பருவத்தில் பொதுமக்கள் வந்து பார்க்கட்டும் என்று திறந்துவிட்டவரும் அவர்தான். இன்றும் அந்த வழக்கம் நடக்கிறது.)

அதாவது, வெளிநாட்டுப் பொறியாளர் வந்து "இது இப்படித்தான் செய்ய வேண்டும்" என்று சொன்னால், மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் லண்டனில் படித்தவர். யாமாவோ கிளாஸ்கோவின் கப்பல் கட்டும் தளத்தில் பகலில் வேலை பார்த்து, இரவுப் பள்ளியில் படித்தவர். அவரிடம் ஏமாற்றுக் கணக்கு காட்ட முடியாது. நிபுணரை வேலைக்கு வைக்க நிபுணராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் சொல்வது சரியா என்று சந்தேகப்படத் தெரிந்த ஒருவராவது வேண்டும்.

எங்கள் தொழிலிலும் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு நிறுவனத்தில் ஆலோசகர்கள் வந்தார்கள், படம் போட்டுக் காட்டினார்கள், புது மென்பொருள் ஒன்றை நிறுவினார்கள். கேள்வி கேட்கும் அளவுக்கு விவரம் தெரிந்தவர் எங்கள் பக்கத்தில் யாருமே இல்லை. எல்லாம் முடிந்து அவர்கள் கிளம்பும் நாள் வந்ததும் நிர்வாகத்துக்குப் பயம் வந்துவிட்டது. ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். அப்புறம் மறுபடியும் நீட்டித்தார்கள்.

சரி, ஜப்பானுக்கு வருவோம். ரிச்சர்ட் விகார்ஸ் பாய்ல் என்று ஓர் அயர்லாந்துக்காரர். 1857இல் பீகாரில் ஆரா என்ற ஊரில் ரயில்வே பொறியாளராக இருந்தார். சிப்பாய்கள் கிளர்ந்து வருவார்கள் என்று எதிர்பார்த்து, தன் வீட்டு வளாகத்தில் இருந்த ஒரு சிறிய மாடிக் கட்டடத்தைக் கோட்டை மாதிரி பலப்படுத்தி வைத்திருந்தார். குன்வர் சிங்கின் படை முற்றுகையிட்டபோது ஆங்கிலேயர்களும் சீக்கியச் சிப்பாய்களும் அதற்குள் இருந்துதான் ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப் பிடித்தார்கள். பிரிட்டிஷ் வரலாற்றில் அவர் ஒரு வீரர், பட்டமும் கிடைத்தது. அதே பாய்ல் 1872இல் ஜப்பான் ரயில்வேயின் தலைமைப் பொறியாளராக வந்தார். இங்கே அவர் மாதச் சம்பளக்காரர். மலை வழியாக டோக்கியோவையும் கியோட்டோவையும் இணைக்கும் தடத்தை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். முடிவெடுப்பது இனோவே மசாருவின் ரயில்வே துறை. 1877இல் ஒப்பந்தம் முடிந்தது, கிளம்பினார். ஆள் அதே ஆள், படிப்பு அதே படிப்பு. பீகாரில் அவர் ஆளும் இனம், ஜப்பானில் வேலைக்காரர்.

பாய்லுக்கு முன்பு அந்தப் பதவியில் இருந்தவர் எட்மண்ட் மோரெல். 1870இல் வந்தார். தண்டவாளத்துக்கு அடியில் போட இரும்புக் கட்டைகளை இங்கிலாந்திலிருந்து இறக்குமதி செய்யத் தேவையில்லை, உங்கள் நாட்டில்தான் இவ்வளவு மரம் இருக்கிறதே, மரக்கட்டை போதும் என்று சொன்னவர் அவர். சொந்த நாட்டு வியாபாரிகளுக்குப் பிடிக்காத யோசனை. பொறியாளர்களை உள்நாட்டிலேயே பயிற்றுவிக்க ஒரு கல்விக்கூடம் தொடங்குங்கள் என்றும் சொன்னார். டோக்கியோவின் ஷிம்பாஷியிலிருந்து யோகோஹாமாவுக்கு 29 கிலோமீட்டர் ரயில் 1872 அக்டோபரில் ஓடியபோது அவர் உயிரோடு இல்லை. முந்தைய வருடம் நவம்பரில், முப்பது வயதில், காச நோயில் இறந்துவிட்டார். அவர் காலத்தில் முடிவான 1,067 மில்லிமீட்டர் குறுகிய தடம் மட்டும் ஜப்பானை விடவில்லை. 1964இல் புல்லட் ரயில் வரும்போதுதான் தேசிய ரயில்வேயால் அகலமான தடத்துக்குப் போக முடிந்தது. சாதாரண ரயில்கள் பெரும்பாலும் இன்றும் மோரெல் காலத்துத் தடத்தில்தான் ஓடுகின்றன.

ரயில்வேக்காரர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. கால அட்டவணை போட பேஜ் என்ற ஆங்கிலேயர் இருந்தார். அட்டவணை மாற்ற வேண்டும் என்றால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஒற்றைத் தடத்தில் எந்த ரயில் எங்கே நின்று எதற்கு வழிவிட வேண்டும் என்பதெல்லாம் கணக்காக எழுதப்பட்டு வெளியே வரும். ஜப்பானிய ஊழியர்கள் வாயைப் பிளந்தார்கள், இந்த மனிதருக்கு என்ன மூளை என்று. ஒரு நாள் அவர் மேசையில் கட்டம் போட்ட ஒரு தாளைப் பார்த்துவிட்டார்கள். ஒரு பக்கம் நேரம், இன்னொரு பக்கம் நிலையங்கள், நடுவில் சாய்ந்து ஓடும் கோடுகள். இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் இரண்டு ரயில்கள் சந்திக்கின்றன. அவ்வளவுதான் ரகசியம். கதையில் எவ்வளவு உப்பு, எவ்வளவு காரம் சேர்ந்திருக்கிறதோ. ஆனால் தன் வேலைக்கு ஆபத்து வராமல் இருக்கக் கோட்டுப்படத்தை மறைத்து வைக்கும் நிபுணரை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அதனால் நம்புகிறேன்.

1880இல் கியோட்டோவுக்கும் ஒட்சுவுக்கும் நடுவே ஒசாக்காயமா மலையில் 660 மீட்டருக்கு மேல் நீளமான ஒரு சுரங்கப்பாதை வெட்டி முடிக்கப்பட்டது. வெளிநாட்டுப் பொறியாளர் ஒருவர்கூட இல்லை. இக்குனோ வெள்ளிச் சுரங்கத்துத் தொழிலாளர்களை அழைத்து வந்து செய்தார்கள். ரயில் வந்து எட்டே வருடம்தான் ஆகியிருந்தது.

மோரெல் சொன்ன அந்தக் கல்விக்கூடம்தான் என்னைப் பொறுத்தவரை முழுக் கதையின் மையம். 1873இல் அதற்குத் தலைவராக வந்து இறங்கியவர் ஹென்றி டையர். ஸ்காட்லாந்துக்காரர், வயது 24. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்த கையோடு வந்தவர். கப்பலில் வரும்போதே பாடத்திட்டம் முழுவதையும் எழுதி முடித்துவிட்டார். யாமாவோ அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். இருவருக்கும் முன்பே ஒரு தொடர்பு இருந்தது: கிளாஸ்கோவில் யாமாவோ போன அதே இரவுப் பள்ளிக்கு, அதே காலத்தில் டையரும் போயிருக்கிறார்.

பாடத்திட்டம் ஆறு வருடம். முதல் இரண்டு வருடம் அடிப்படைப் படிப்பு, அடுத்த இரண்டு வருடம் தொழில்நுட்பம், கடைசி இரண்டு வருடம் முழுக்கக் களத்தில். பிரிட்டனில் அப்போது பொறியியல் என்றால் ஒரு பட்டறையில் கைப்பயிற்சியாளனாகச் சேர்ந்து பழகுவது. பிரான்ஸ், ஜெர்மனியில் வகுப்பறைக் கணிதம். இரண்டையும் ஒரே படிப்பில் சேர்த்துப் பார்க்க டையரின் சொந்த நாட்டில் யாரும் அவருக்கு இடம் கொடுத்திருக்க மாட்டார்கள். பழைய பழக்கம், பழைய சங்கம், பழைய பேராசிரியர்கள். டோக்கியோவில் காலி மனை. அதனால் வந்தவருக்கும் லாபம்தான். இதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை: அன்றைக்கு ஜப்பானுக்கு வந்த இளைஞர்கள் பலருக்கு, ஊரில் இருபது வருடம் காத்திருந்தாலும் கிடைக்காத பொறுப்பு வந்த மறுநாளே கிடைத்தது.

1879இல் முதல் அணி வெளியே வந்தது. அதில் ஒருவர் தாகமினே ஜோகிச்சி, பின்னாளில் அட்ரினலினைப் பிரித்தெடுத்தவர். இன்னொருவர் தத்சுனோ கிங்கோ, டோக்கியோ ரயில் நிலையத்தின் செங்கல் கட்டடத்தை வடிவமைத்தவர். தத்சுனோவுக்கு ஆசிரியர் ஜோசையா காண்டர். காண்டர் 1877இல் வந்தபோது வயது 24. அவருடைய முதல் மாணவர்களில் ஒருவரான சோனே தத்சுசோ அவரைவிடச் சில மாதங்கள்தான் இளையவர். வாத்தியாரும் மாணவரும் ஒரே வயது.

முதல் அணியில் கட்டடக்கலைக்குத் தேறியவர்கள் நான்கு பேர். தத்சுனோவை லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே வில்லியம் பர்ஜஸ் என்ற கட்டடக் கலைஞரிடம் போய்ச் சேர்ந்தார், காண்டர் முன்பு வேலை பார்த்த அதே அலுவலகம். உங்கள் நாட்டுப் பழைய கட்டடங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று பர்ஜஸ் கேட்க, தத்சுனோவுக்குப் பதில் தெரியவில்லை என்பார்கள். கோதிக் வளைவு தெரியும், சொந்த ஊர்க் கோயிலின் மரப்பொருத்து தெரியாது. பிற்பாடு டோக்கியோவில் மரபுக் கட்டடக்கலை கற்பிக்க ஒரு ஸ்தபதியை வகுப்புக்கு அழைத்து வந்தார்கள்.

தத்சுனோ திரும்பி வந்ததும் 1884இல் பேராசிரியர் பதவி அவருக்கு. காண்டரின் வேலை போயிற்று. தான் பயிற்றுவித்த மாணவனே தன் நாற்காலியில். இதில் துரோகம் எதுவும் இல்லை, திட்டமே அதுதான். காண்டர் இதற்காக மனம் கசந்து ஊருக்குப் போகவில்லை. கவானாபே கியோசாய் என்ற ஓவியரிடம் சீடனாகச் சேர்ந்து ஜப்பானிய ஓவியம் கற்றார், ஜப்பானியப் பெண்ணை மணந்தார், தனியாகத் தொழில் செய்து கட்டடங்கள் கட்டினார், 1920இல் டோக்கியோவிலேயே இறந்தார்.

தனாபே சகுரோவையும் சொல்லாமல் போக முடியாது. 1883இல் அதே கல்லூரியில் தேறியவர். பிவா ஏரித் தண்ணீரைக் கால்வாய் வெட்டிக் கியோட்டோவுக்குக் கொண்டுவர முடியுமா என்பது அவருடைய பட்டப்படிப்பு ஆய்வு. வலது கையில் காயம், இடது கையால் எழுதி, வரைந்து முடித்தார். கியோட்டோ ஆளுநர் இந்தப் பையனையே பொறுப்பாளராக வைத்தார். ஜப்பானில் ஆற்று வேலைகளில் பெயர் பெற்றிருந்த டச்சுப் பொறியாளர் தெ ரைக்கெ இது சரிப்படாது என்ற கருத்தில் இருந்தார். 1885இல் தொடங்கி 1890இல் கால்வாய் முடிந்தது. வேலை நடக்கும்போதே அமெரிக்காவுக்குப் போய் நீர்மின்சாரத்தைப் பார்த்துவிட்டு வந்த தனாபே, திட்டத்தை மாற்றிக் கியோட்டோவின் கேயாகே பகுதியில் மின்நிலையம் வைத்தார். 1891இல் மின்சாரம் வந்தது. நிபுணர் வேண்டாம் என்று சொல்லும் தைரியம் இங்கே வெறும் வீம்பாக இல்லை, ஆறு வருடப் படிப்பு பின்னால் இருந்தது.

நிபுணர்கள் தவறவில்லையா? நன்றாகவே தவறினார்கள். வான் டோர்ன் என்ற இன்னொரு டச்சுக்காரர் யோசனைப்படி வடக்கே நோபிருவில் பெரிய துறைமுகம் ஒன்றை 1878இல் தொடங்கினார்கள். 1884இல் ஒரே சூறாவளியில் அலைதாங்கி போயிற்று, அத்தோடு துறைமுகமும் கைவிடப்பட்டது. அதே வான் டோர்ன் யோசனை சொன்ன அசாகா கால்வாய், இனாவாஷிரோ ஏரித் தண்ணீரை வறண்ட சமவெளிக்குக் கொண்டுபோய் இன்றும் வயலுக்குப் பாய்கிறது. அந்த ஊரார் அவருக்குச் சிலை வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் உலோகத்துக்காகச் சிலைகளை எல்லாம் பறிமுதல் செய்தபோது, எதிரி நாட்டுக்காரரான அவர் சிலையை மட்டும் ராவோடு ராவாகக் கழற்றி மண்ணில் புதைத்துக் காப்பாற்றினார்கள். துறைமுகத்து ஊரில் சிலை இருக்கிறதா என்று நான் தேடவில்லை.

மக்கள் நிபுணர்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்குத் தொமியோகா பட்டாலை. 1872இல் திறந்தது, பொறுப்பில் பால் ப்ரூனா என்ற பிரெஞ்சுக்காரர். வேலைக்குப் பெண்கள் யாரும் வரவில்லை. வெள்ளைக்காரர்கள் பெண்களின் ரத்தத்தைக் குடிக்கிறார்கள் என்று வதந்தி. அவர்கள் குடித்தது சிவப்பு ஒயின். கடைசியில் ஆலையின் ஜப்பானிய மேலாளர் ஒடாகா அட்சுதாடா தன் சொந்த மகளையே முதல் தொழிலாளியாகச் சேர்த்த பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள்.

கட்டடத்தையும் இயந்திரத்தையும் விட்டுவிட்டு மனசாட்சியைக் கொண்டுவந்தவர்களும் இருந்தார்கள். குஸ்தாவ் புவாசொனாத், பிரெஞ்சுச் சட்ட அறிஞர், 1873இல் வந்தார். 1875இல் ஒரு நாள் நீதித்துறை வளாகத்தில் அலறல் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்க ஒரு கைதியின் மடிமேல் கற்பலகைகளை அடுக்கி விசாரணை நடக்கிறது. அப்போது அது சட்டப்படியான நடைமுறை. புவாசொனாத் இது நிற்காவிட்டால் நான் வேலையை விடுகிறேன் என்ற நிலைக்குப் போனார். 1879இல் சித்திரவதை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனால் அதே மனிதர் பத்து வருடத்துக்கு மேல் உழைத்து எழுதிய குடிமைச் சட்டம் 1890இல் அறிவிக்கப்பட்டு, அமலுக்கு வருவதற்குள் நிறுத்திவைக்கப்பட்டது. இது வந்தால் பெற்றோர் பக்தியும் ராஜ விசுவாசமும் செத்துப்போகும் என்று எதிர்ப்பு. 1895இல் அவர் பிரான்சுக்குத் திரும்பினார். மூன்று ஜப்பானிய அறிஞர்கள் எழுதிய புதுச் சட்டம் 1898இல் முழுமையாக அமலுக்கு வந்தது. திருப்பி அனுப்பும் திறமைக்கு இப்படியும் ஒரு முகம் உண்டு. வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள், வேண்டாததை மரியாதையாக அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

இதை நேருக்கு நேர் சொன்னவர் எர்வின் பெல்ட்ஸ், ஜெர்மன் மருத்துவர். 1876இல் வந்து டோக்கியோவில் தலைமுறை தலைமுறையாக மருத்துவர்களை உருவாக்கியவர், அரச குடும்பத்துக்கும் மருத்துவர். 1901 நவம்பரில் அவருடைய 25 வருடப் பணிக்காகப் பல்கலைக்கழகத்தில் விழா எடுத்தார்கள். மாலை மரியாதைக்கு நடுவில் எழுந்து அவர் பேசியது, சுருக்கமாக, இதுதான்: அறிவியலை ஏதோ ஓர் இயந்திரம் மாதிரி எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் ஓட்டலாம் என்று நினைக்கிறீர்கள், அது ஓர் உயிர், அதற்கென்று காற்றும் நிலமும் வேண்டும், நாங்கள் தோட்டக்காரர்களாக இருக்க வந்தோம், நீங்கள் எங்களைப் பழ வியாபாரிகளாக நடத்தினீர்கள்.

இந்தப் பேச்சைப் படிக்கும்போதெல்லாம் பெல்ட்ஸ் பக்கம் பாதி, எதிர்ப்பக்கம் பாதி சாய்கிறேன். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தோட்டக்காரர் ஊருக்கே போகாமல் தோட்டம் தன்னுடையது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அந்த நூற்றாண்டில் வீண் பயம் இல்லை. ஜப்பான் கையெழுத்திட்டிருந்த ஒப்பந்தங்களின்படி, வெளிநாட்டவர் குற்றம் செய்தால் ஜப்பானிய நீதிமன்றம் விசாரிக்க முடியாது. அந்த நிலை 1899இல்தான் மாறியது. அதுவரை, வெளிநாட்டவரை வெறும் சம்பளக்காரராக வைத்துக்கொள்ள ஒரே வழி, அவர் கிளம்பும் தேதியைத் தாளில் எழுதி வைப்பது.

அந்தத் தாளின் வலிமை ஜப்பானுக்கு எவ்வளவு நன்றாகத் தெரியும் என்பது பிறகு கொரியாவில் தெரிந்தது. ரஷ்யாவுடன் போர் நடந்துகொண்டிருந்த 1904 ஆகஸ்டில், ஜப்பான் கொரிய அரசிடம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியது. மூன்றே ஷரத்துகள். ஜப்பான் பரிந்துரைக்கும் ஒரு ஜப்பானியரைக் கொரியா நிதி ஆலோசகராக வைத்துக்கொள்ள வேண்டும். ஜப்பான் பரிந்துரைக்கும் ஒரு வெளிநாட்டவரை வெளியுறவு ஆலோசகராக வைத்துக்கொள்ள வேண்டும். வேறு நாடுகளுடன் முக்கியமான எதையும் ஜப்பானைக் கேட்காமல் செய்யக் கூடாது. நிதிக்கு மெகாதா தனேதாரோ போனார். வெளியுறவுக்கு டர்ஹம் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கர் போனார், அதற்கு முன்பு பல வருடம் ஜப்பான் அரசிடமே சம்பளம் வாங்கிய நிபுணர். அடுத்த வருடமே இத்தோ ஹிரோபூமி சியோலுக்குப் போய்க் கொரியாவைப் பாதுகாப்பு நாடாக்கும் ஒப்பந்தத்தையும் வாங்கிவிட்டார். 1910இல் கொரியா என்ற நாடே இல்லை. 1904 ஒப்பந்தத்தில் ஆலோசகர்கள் எத்தனை வருடம் இருப்பார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.